புதிய சேம்பர் ஓபரா, ஆர்ட் சாங்: எங்கிருந்து தொடங்கலாம்?

பின்வரிசை:
ஷூபர்ட், ஷூமன் எழுதிய ஆர்ட் சாங், அதாவது ஒரு குரலும் பியானோவுமாகப் பாடும் கவிதைப் பாடல்கள் என்றால் எனக்கு உயிர். சேம்பர் ஓபராவில், அதாவது சிறு குழுவோடு நடக்கும் இசை நாடகத்தில், இசையமைப்பாளர் பிரிட்டனின் ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’ வரைக்கும் சிரமமில்லாமல் வந்துவிட்டேன், வெறும் 13 வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு 1954-லேயே அந்த மனிதர் கிளப்பிய பேய் இன்றைக்கும் நடுக்குகிறது. அதற்கப்புறம் வந்தவைதான் பிடிபட மாட்டேன் என்கின்றன. முழுசாகக் கேட்டு முடித்தாலும் ஒரு மெட்டும் ஒட்டுவதில்லை, எல்லாரும் ஒரே பதற்றத்தில் பாடுவது போலிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி சிலதைச் சொல்லுங்கள். இன்னொன்று, புது ஓபராக்கள் ஏன் இவ்வளவு சின்னதாக வருகின்றன? காசில்லாமலா, கலைக்காகவா?

அடிக்குரல்:
மெட்டைத் தேடாதீர்கள், சொல்லைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஜார்ஜ் பெஞ்சமினின் ‘இன்டு த லிட்டில் ஹில்’ (2006) சுமார் 40 நிமிடம்தான். எலிகளைக் குழலூதி அழைத்துப் போனவனின் கதை. பாடுவது இரண்டே பெண்கள். அமைச்சர், ஊர்க்கூட்டம், அந்த அந்நியன், குழந்தை எல்லாருமே அந்த இரண்டு குரல்களுக்குள்தான். மார்ட்டின் கிரிம்ப் எழுதிய லிப்ரெட்டோவில் (ஓபராவின் வசனப் பிரதியில்) பாத்திரம் பேசுவதோடு நிற்பதில்லை, ‘என்கிறார் அமைச்சர்’ என்பதையும் சேர்த்தே பாடுகிறது. முதலில் வேடிக்கையாக இருக்கும். போகப்போக, செய்த காரியத்துக்கு இங்கே யாருமே பொறுப்பில்லை என்று தோன்றி வயிற்றைப் பிசையும். பாஞ்சோ, சிம்பலோம் (சிறு சுத்தியலால் தட்டும் தந்தி வாத்தியம்) எல்லாம் சேர்ந்த 15 பேர் குழு, ஆனாலும் சொல் அமுங்குவதில்லை. லிப்ரெட்டோவை ஒருமுறை படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஓரப்பார்வை:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் காசுதான், மழுப்ப வேண்டியதில்லை. கோரஸ், முழு ஆர்கெஸ்ட்ரா, வாரக்கணக்கில் ஒத்திகை என்று ஒரு புதிய படைப்பை நம்பி எத்தனை அரங்கங்கள் இறங்கும்? லாரா காமின்ஸ்கியின் ‘ஆஸ் ஒன்’ (2014) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டிரிங் குவார்ட்டெட் (நான்கு தந்தி வாத்தியக்காரர்கள்), இரண்டு பாடகர்கள், அவ்வளவுதான். சின்னச் சின்ன குழுக்களும் துணிந்து மேடையேற்றியதால் அமெரிக்காவில் அது பரவலாக நடந்தது. ஆனால் அந்தச் சிக்கனமே அதில் கலையாகிவிட்டது. ஹானா என்ற ஒரே திருநங்கையை ஒரு பாரிடோனும் (ஆண் குரல்) ஒரு மெஸோவும் (பெண் குரல்) சேர்ந்து பாடுகிறார்கள், முந்தைய ஹானாவும் பிந்தைய ஹானாவும் ஒரே மேடையில். ஒரு மணி நேரத்தைத் தாண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலாம்விரல்:
ஓபராவை விடுங்கள், ஷூபர்ட் பிரியருக்குப் பாட்டு வழிதான் சுலபம். இசையமைப்பாளர் குர்டாகின் ‘காஃப்கா ஃபிராக்மென்ட்ஸ்’, காஃப்காவின் வரிகளுக்கு: ஒரு சோப்ரானோ (உச்சப் பெண் குரல்), ஒரு வயலின், 40 துண்டுகள், பல ஒரு நிமிடம்கூட வராது. முதல் துண்டிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நல்லவர்கள் சீராக அடியெடுத்து நடக்க, மற்றவர்கள் அவர்களைச் சுற்றி ஆடுகிறார்கள் என்பது வரி. வயலின் இரண்டே சுரங்களில் இடது வலது என்று நடந்துகொண்டே இருக்க, குரல் மட்டும் அந்த நடைக்குக் கட்டுப்படாமல் திரிகிறது. 1987-இல் முடித்தது, ரொம்பப் புதுசு என்று சொல்ல முடியாது, சரி.
சிரிக்க வேண்டுமென்றால் கேப்ரியல் கஹானின் ‘கிரெய்க்ஸ்லிஸ்ட்லீடர்’ (2006). கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணையதளத்தின் வரி விளம்பரங்களை அப்படியே எடுத்து, ஷூபர்ட் பாட்டுக்குரிய அத்தனை மரியாதையோடு பியானோவில் வைத்திருக்கிறார். அடிக்குரல் சொல்வது போல இதை முன்கூட்டிப் படித்துவிடாதீர்கள், சிரிப்பெல்லாம் போய்விடும்.

பின்வரிசை:
அந்த முதல் துண்டைக் கேட்டேன். நடக்கிற வயலின் ஒட்டிக்கொண்டது, நன்றி! ஆனால் ‘பதற்றம்’ புகாருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே.

அடிக்குரல்:
புகார் நியாயமானதுதான், உச்சஸ்தாயியில் கத்துவதையே நாடகம் என்று நினைத்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இசையமைப்பாளர் பிலிப் வெனபிள்ஸ் ‘4.48 சைக்கோசிஸ்’ ஓபராவை (2016) செய்தபோது மருத்துவர்–நோயாளி உரையாடலைப் பாடவே விடவில்லை. சொற்கள் திரையில் வரும், ஒவ்வொரு அசையையும் இரண்டு தாளவாத்தியக்காரர்கள் அடிப்பார்கள், ஒருவர் மருத்துவர், மற்றவர் நோயாளி. அவ்வளவு பேச்சிலும் ஒரு குரல்கூட எழாது, அதுதான் கலக்குகிறது. மூலம் சாரா கேனின் நாடகம், தற்கொலை எண்ணத்தை நேராகப் பேசுவது; மனசு சரியில்லாத நாளில் தொடாதீர்கள். அதற்கு முன்னால் பெஞ்சமினை முடித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.