கோவில் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஓவியமும் வண்ணமும்: எதிலிருந்து தொடங்குவது?

கேட்டவர்: காத்ர்போர்ன் ஆசிரியை

வணக்கம். இங்கே மொரீஷியஸில் எங்கள் கோவிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓவிய வகுப்பு நடத்த அனுமதி கிடைத்திருக்கிறது. 6 முதல் 11 வயதுப் பிள்ளைகள். வீட்டில் எல்லோரும் பேசுவது கிரியோல்தான். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், பேச வராது. படம் வரைவதன் வழியாகவாவது தமிழும் பக்தியும் கொஞ்சம் ஒட்டட்டும் என்பது எண்ணம்.

இப்போது நடப்பது சாமி படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வது மட்டும். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து ஓடுகிறார்கள். கோடு போடவும் வருவதில்லை, வண்ணம் கலக்கவும் தெரிவதில்லை.

எதை முதலில் வரையச் சொல்வது? பெயிண்ட் கொடுத்தால் எல்லாம் சேற்று நிறமாகிவிடுகிறதே, ஏன்? தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலம் வரைய வைக்க ஆசை, ஆனால் இங்கே எல்லோரும் உடுத்தும் அந்த அடர் ரோஸ், சிவப்பில் எவ்வளவு வெள்ளை சேர்த்தாலும் வருவதில்லை. இன்னொன்று: பிள்ளைகள் சாமியைக் கோணல்மாணலாக வரைந்தால் குற்றம் ஆகாதா என்று பாட்டிமார் சிலர் கேட்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

பதில் தந்தவர்: புள்ளிக்கோலம்

அக்கா, முதல் வேலையாக ஜெராக்ஸை நிறுத்துங்கள். வேறொருவர் போட்ட கோட்டுக்குள் நிரப்புகிற பிள்ளைக்குக் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யத் தேவையே வருவதில்லை. நம்மிடம் ஆயத்தமாக ஒரு பாடத்திட்டம் இருக்கிறது: பிள்ளையார் சுழி, புள்ளி, கோலம், வேல், மயிற்பீலி, அப்புறம்தான் சாமி உருவம்.

முதல் இரண்டு வகுப்பும் தரையில் நடக்கட்டும். சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். தாளில் வரையும் பிள்ளை மணிக்கட்டை மட்டும் அசைக்கும். தரையில் வரையும்போது தோளிலிருந்து கை நகரும், கோடு நடுங்காது. பிறகு மாவு. சலித்த மாவு விரலில் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழும், கொரகொரப்பான பச்சரிசி மாவோ ரவையோதான் விரலிடுக்கில் ஒழுங்காக இறங்கும். வண்ணம் வேண்டுமென்றால் ஒரு கப் ரவைக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போதும். உப்பில் வண்ணம் கலந்து போடும் முறை நம் தீவுக்கு ஒத்துவராது. ஈரக்காற்றில் உப்பு கசிந்து ஓரமெல்லாம் பரவிவிடும்.

மூன்றாம் வகுப்பில் தாளுக்கு வாருங்கள். முருகனுக்குரிய அறுகோணச் சக்கரத்தைப் போடச் சொல்லுங்கள். இடுக்குப் புள்ளி (ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரு புள்ளிக்கு நடுவே வரும்), 5இல் தொடங்கி 3இல் நிறுத்தவும். அதாவது நடு வரிசை 5, அதற்கு மேலும் கீழும் 4, கடைசியில் இரு பக்கமும் 3, ஆக மொத்தம் 19 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 3 செ.மீ., வரிசைக்கு வரிசை 2.6 செ.மீ. வரிசை இடைவெளியையும் 3 ஆக்கிவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக நீண்டு போகும், எல்லோரும் தவறுவது இங்கேதான்.

மூலைப் புள்ளிகள் ஆறு இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றைச் சேர்த்தால் ஒரு முக்கோணம், மிச்சம் மூன்றைச் சேர்த்தால் இன்னொன்று. கோடு சரியாகப் போகிறதா என்று பார்க்க வழி உண்டு: ஒவ்வொரு கோடும் தன் நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டுப் போக வேண்டும். தொடவில்லை என்றால் மூலை மாறிவிட்டது. முடித்ததும் நுனிகள் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும், தாளைக் கால் சுற்று திருப்புங்கள், நுனி மேலே வந்துவிடும். சுற்றியுள்ள ஆறு சிறு முக்கோணங்களில் ச, ர, வ, ண, ப, வ. மையப் புள்ளியின் மேல் ஓம். எழுத்துப் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது வேல். தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்பை ஒட்டி வேலின் ஒரு பாதியை மட்டும் 4பி பென்சிலால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். மறுபடி மடித்து முதுகுப்பக்கம் கரண்டியால் தேய்த்தால் மறுபாதி மங்கலாகப் பதியும், அதன் மேல் கோடு போட்டுக்கொள்ளலாம். வேல் இலையின் (மேல் தகடு) அகலமான இடம் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும். பிள்ளைகள் நடுவில் அகலப்படுத்துவார்கள், அப்போது அது வேலாக இல்லாமல் பாதாம் கொட்டையாகத் தெரியும். இலைக்கு 5 கட்டம் என்றால் தண்டுக்கு 7 கட்டமாவது கொடுங்கள். ஞானம் ஆழமாகவும் அகலமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் வேலின் வடிவம்: நீண்ட தண்டு, அகன்ற இலை, கூர்ந்த நுனி. பிள்ளை தண்டைக் குட்டையாகப் போட்டால் அந்த அர்த்தத்தைச் சொல்லியே திருத்துங்கள், தனியாக உபதேசம் வேண்டாம்.

பதில் தந்தவர்: வண்ணக்கிண்ணம்

சேறு ஏன் வருகிறது என்பதற்கும் உங்கள் ரோஸ் ஏன் வரவில்லை என்பதற்கும் விடை ஒன்றுதான். உங்கள் பெட்டியில் இருக்கும் சிவப்பு சுத்தச் சிவப்பு அல்ல. பள்ளிப் பெட்டிகளில் வருகிற சிவப்பு பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதாவது அதற்குள்ளே ஏற்கெனவே மஞ்சள் இருக்கிறது. அதில் நீலத்தைச் சேர்த்தால் மூன்று வண்ணமும் ஒன்றாகிவிடும். மூன்றும் கலந்தால் பழுப்புதான். வெள்ளையைச் சேர்த்தாலும் உள்ளே இருக்கும் மஞ்சள் போகாது, அதனால்தான் மங்கிய பவள நிறம் வந்து நின்றுவிடுகிறது.

மேசன்டா (magenta) ஒரு ட்யூப் தனியாக வாங்குங்கள். காவடி ரோஸ் கிட்டத்தட்ட அதுவேதான். கலந்து வரும் நிறம் அல்ல அது, மூல நிறங்களில் ஒன்று. அச்சகங்களில் உள்ள மூன்று வண்ண மைகளில் ஒன்று மேசன்டா. இன்னும் இரண்டு வாங்கினால் போதும்: எலுமிச்சை மஞ்சள், பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம் (ட்யூபில் சியான் என்றோ தாலோ நீலம் என்றோ இருக்கும்). மேசன்டாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. மேசன்டாவும் நீலமும் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறம். மஞ்சளும் நீலமும் வாழை இலைப் பச்சை. அல்ட்ராமரீன் நீலத்தால் அந்தப் பச்சை வராது, ஆலிவ் மாதிரி மங்கலாக இருக்கும்.

கலக்கும்போது எப்போதும் வெளிர் நிறத்தை முதலில் எடுத்து, அடர் நிறத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டி மஞ்சளுக்குப் பயறளவு நீலம் போதும். நீலத்தில் தொடங்கினால் மஞ்சள் ட்யூபே தீர்ந்துவிடும், பச்சை வராது. ஒவ்வொருவருக்கும் தண்ணீர்க் கிண்ணம் இரண்டு: ஒன்று கழுவ, ஒன்று தொட. சேற்றில் பாதி, கழுவிய தண்ணீரையே திரும்பத் தொடுவதால் வருவது. கறுப்பு ட்யூபை முதல் மூன்று மாதம் வெளியே எடுக்காதீர்கள்.

புள்ளிக்கோலம் சொன்ன சக்கரம் வண்ணப் பாடத்துக்கும் அருமையாகப் பொருந்தும். ஒரு முக்கோணம் முழுவதும் மஞ்சள், நன்றாகக் காய்ந்த பிறகு மற்ற முக்கோணம் முழுவதும் மேசன்டா. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும் நடு அறுகோணம் தானாகச் சிவப்பாகும். சேயோனான முருகனின் நிறம் நடுவில் பிறப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள், அதற்கு மேல் விளக்கமே வேண்டாம். ஆனால் இது தண்ணீர்விட்ட வாட்டர்கலரில் மட்டும்தான் நடக்கும். போஸ்டர் கலர் அடியில் உள்ளதை மூடிவிடும். புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம். ஜனவரி புழுக்கத்தில் கால் மணி நேரம்கூட ஆகலாம், அந்த நேரத்தில் சரவணபவ சொல்ல வையுங்கள். ஓம் முதலான எழுத்துகளை வண்ணம் காய்ந்த பிறகு எழுதுங்கள். தாளின் கனம் 180 அல்லது 200 ஜிஎஸ்எம் இருக்கட்டும். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் நீர் பட்டதும் அலையலையாகச் சுருங்கும், வண்ணம் பள்ளத்தில் தேங்கிக் காய்ந்து திட்டாகும்.

பதில் தந்தவர்: மலையடிவாரம்

மூன்று ட்யூப் சரி. ஆனால் 6, 7 வயதுக்குத் தூரிகை சீக்கிரம். அவர்களுக்கு மெழுகு வண்ணமே கொடுங்கள். வெள்ளை மெழுகால் கோலம் போட்டு, அதன்மேல் நீர்த்த நீலத்தைப் பூசினால் கோலம் வெள்ளையாக எழுந்து வரும்.

நிறம் மாறுவதைக் கண்ணால் காட்ட ஒரு வழி, நம் ஆரத்தி. அரை டம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டு, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். இது வண்ணக் கலவை இல்லை, மஞ்சள்தூள் சோடா போன்ற காரப்பொருள் பட்டு நிறம் மாறுவது. இரண்டுக்கும் வேறுபாட்டைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஆரத்திக்குச் சுண்ணாம்புதான் போடுவார்கள் என்றாலும் வகுப்பில் சோடாவே போதும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் கரைசலால் தீட்டிய படத்தை வெயிலில் மாட்டாதீர்கள், சில நாளில் வெளுத்துவிடும்.

முழு உருவம் வரைய வரும்போது முருகனுக்கு முன்னால் பிள்ளையார். வழக்கம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சிற்ப சாஸ்திரத்தில் விநாயகருக்குப் பஞ்ச தாளம், முகத்தின் நீளத்தைப் போல ஐந்து பங்குதான் மொத்த உயரம். சின்னப் பிள்ளைகள் யாரை வரைந்தாலும் தலையைப் பெரிதாகத்தான் போடுவார்கள், அந்தக் கை இயல்பாகவே பிள்ளையாருக்குப் பொருந்தும். சிவன், விஷ்ணு போன்ற பெரிய மூர்த்திகளுக்கு உத்தம தச தாளம், அதாவது பத்துத் தாள அளவு. அந்த நெடிய அளவை 10 வயதுக்கு முன்னால் கேட்டால் பிள்ளை சோர்ந்துபோகும்.

தாளில் மேலிருந்து கீழாக ஐந்து சம பங்கு கோடிட்டு, முதல் பங்கில் முகம். கிரீடம் இந்தக் கணக்கில் வராது, அதற்கு மேலே தனி இடம் விடுங்கள். பெரும்பாலான நம் கோவில் மூர்த்தங்களில் துதிக்கை அவருடைய இடப்பக்கம் வளையும், ஒடிந்த தந்தம் வலப்பக்கம். பார்க்கிற நமக்கு அது மாறித் தெரியும். பிள்ளைகளைத் தாளுக்கு எதிரே உட்கார வைக்காமல், சந்நிதிக்கு அழைத்துப்போய் "சாமியின் வலது கை எது?" என்று காட்டச் சொன்ன பிறகு வரைய விடுங்கள். கண்ணைக் கடைசியில் வரையட்டும். சிற்பியும் கடைசியில்தான் கண் திறப்பார். கண் பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து ஓட மாட்டார்கள்.

பாட்டிமாருக்கு: கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரையும் ஏற்றுக்கொண்ட சாமி, பிள்ளை போட்ட கோணல் கோட்டையா தள்ளிவிடப் போகிறார்? அலட்சியம்தான் குற்றம். கோணல் குற்றமில்லை.

காத்ர்போர்ன் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். சிவன் ஏன் எப்போதும் நீலம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பழகிய, கிழிந்த தாள்களை என்ன செய்வது?

வண்ணக்கிண்ணம்

முழு உடம்பும் நீலம் என்பது காலண்டர் படப் பழக்கம். அப்பர் பாடுவது பவளம் போன்ற மேனியில் பால் போன்ற வெண்ணீறு. நீலம் கழுத்துக்கு மட்டும், நீலகண்டர் அல்லவா. நல்ல பாடம் அது: மேசன்டாவில் மஞ்சள் சேர்த்துப் பவள நிறம் கலந்து மேனிக்குப் பூசி, காய்ந்ததும் கெட்டி வெள்ளையால் நெற்றியில் மூன்று கீற்று. வாட்டர்கலர் வெள்ளை மங்கும், அந்த இடத்தில் மட்டும் போஸ்டர் வெள்ளை. திருமாலுக்கு ஆழ்வார் பச்சை மாமலை என்கிறார், நீலம்தான் என்று கட்டாயப்படுத்த வேண்டாம், பச்சை தீட்டிய பிள்ளையும் சரிதான்.

மயிற்பீலிக் கண்ணுக்கு உள்ளிருந்து வெளியே: கருநீலம், பளிச்சென்ற நீலப்பச்சை, பழுப்பு, பிறகு பொன்பச்சை. தீட்டும்போது வெளியிலிருந்து உள்ளே வாருங்கள், வெளிர் நிறம் முதலில் காய்ந்தால் அடர் நிறம் அதில் பரவாது.

மலையடிவாரம்

பழகும் தாளில் சாமி உருவமே வேண்டாம். வேல், பீலி, விளக்கு, செம்பு, எலுமிச்சை என்று பகுதிகளாகப் பழகட்டும். முழு உருவம் நல்ல தாளில் ஒரே ஒரு முறை, அது வீட்டுக்குப் போய்விடும். மேசைக்கு விரிக்கும் பழைய செய்தித்தாளில் சாமி படம் இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பார்த்துவிடுங்கள், பாட்டிமார் மனம் நோவது பெரும்பாலும் அதில்தான். மெழுகு தீட்டிய தாளைக் கங்கா தலாவ் ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள், கரையாது. பென்சில் மட்டும் பட்ட தாளை இரவு முழுக்க ஊறவைத்துப் பிசைந்து கோவில் செடிகளுக்கு உரத்தோடு போடலாம். மெழுகு பட்டதை ஒரு பெட்டியில் சேர்த்துவையுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் வண்ணம் சோதிக்கும் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம், வேலோ எழுத்தோ இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.