வீட்டுப் பிரசவ அனுபவங்களைப் பொதுவில் எழுதலாமா?

முல்லைக்கொடி:
2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில் ஒரு தம்பதியர் தங்கள் மூன்றாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றெடுத்த செய்தி வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவின் துணையோடு அது நடந்ததாகச் சொல்லிச் சுகாதாரத் துறையினர் காவல்துறையில் புகார் அளித்தார்கள். அதன்பின் வீட்டில் குழந்தை பெற்ற பெண்கள் வாய் திறக்கவே அஞ்சுகிறார்கள். அந்தக் குழுவில் வழங்கப்பட்ட அறிவுரைகளுக்காக நான் வாதாடவில்லை. தன் பேறுகாலத்தைத் தானே சொல்லும் உரிமைக்காக வாதாடுகிறேன்.

என் முதல் பிரசவம் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. வலி தொடங்கியதிலிருந்து மல்லாந்தே படுத்திருக்கச் சொன்னார்கள், அம்மாவை உள்ளே விடவில்லை, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் கத்தரித்துத் தையல் போட்டார்கள். இரண்டாவது குழந்தை வீட்டில் பிறந்தது. பல ஆண்டுகள் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற செவிலியான என் சித்தி உடனிருந்தார். நடந்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெற்றேன். இதை ஏன் மறைக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற செவிலி:
அம்மா, உங்களுக்கு முதல் பிரசவத்தில் நேர்ந்தது கொடுமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப் பிரசவக் கதைகளைச் சொல்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தபோது, ஓர் ஆசிரியை உதிரப்போக்கினால் இறந்துபோனார். குழந்தை மட்டும் பிழைத்தது. ஏற்கெனவே வீட்டில் பெற்றெடுத்த நண்பர்களின் அனுபவமே அந்தத் தம்பதியரைத் தூண்டியது என்று அப்போது செய்திகள் வந்தன. நண்பர்களின் கதை பொய்யன்று. உண்மையான கதைதான் கேட்டவரை நம்ப வைத்தது.

மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் ஒன்றை விளக்க வேண்டும். நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்த இடத்து இரத்தக் குழாய்கள் அடைபடும். சுருங்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தாயை இழந்துவிடலாம். அதற்காகவே குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். எல்லாம் சரியாக இருந்த, இரத்தசோகை இல்லாத, முதல் பிரசவம் சுகமாக முடிந்த பெண்களுக்கும் இது வருகிறது. எந்தப் பெண்ணுக்கு வரும் என்று முந்தைய நாள் யாராலும் சொல்ல முடியாது.

தாமிரபரணி:
வீட்டுப் பிரசவம் ஆபத்தில்லாதது என்பதற்கு இங்கிலாந்தை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டதால், அங்கே 2011இல் வெளியான பெரிய ஆய்வு என்ன சொன்னது என்பதையும் பார்க்கலாம். ஏற்கெனவே குழந்தை பெற்ற, சிக்கல் வாய்ப்புக் குறைந்த பெண்களின் குழந்தைகளைப் பொறுத்தவரை, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதல் பிரசவம் என்றால், குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்வது மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும், வீட்டில் திட்டமிட்டவர்களிடம் 9.3 ஆகவும் இருந்தது. முதல் பிரசவத்தை வீட்டில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் இடையிலோ பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். அந்த மாற்றம் சாத்தியமானது, பதிவுபெற்ற மருத்துவச்சி மருந்துகளோடு வீட்டுக்கே வந்ததாலும், அவரும் மருத்துவமனையும் ஒரே அமைப்பின் கீழ் இயங்கியதாலும்தான். நம் ஊரில் அந்தச் சங்கிலி இல்லை. சகோதரி முல்லைக்கொடிக்குச் சித்தி வாய்த்தார். கதையைப் படிக்கும் மற்றவருக்கு அவர் வாய்க்க மாட்டார்.

முல்லைக்கொடி:
சித்தி இருந்தார் என்பதை எழுதியே சொன்னேன். தாங்கள் காட்டும் புள்ளிவிவரத்துக்கு நானும் ஒன்று காட்டுகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் நடந்தவற்றில் 63.8 விழுக்காடு அறுவைப் பிரசவம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு! அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. இருந்தும் எத்தனை பெண்கள் தனியே கிடந்து கத்துகிறார்கள்! இந்த வலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வீட்டுப் பிரசவத்தைப் பற்றிப் பேசாதே என்று மட்டும் சொன்னால், எதற்காகப் பெண்கள் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பது யாருக்கும் விளங்காது.

ஓய்வுபெற்ற செவிலி:
அனுபவத்தை எழுதட்டும், முழுதாக எழுதட்டும் என்கிறேன். ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது, குழந்தையின் தலை கீழ்நோக்கி இருப்பதை யார் உறுதிசெய்தார், நஞ்சு எத்தனை நிமிடத்தில் முழுதாக வெளியேறியது, உதிரம் எவ்வளவு போனது, இரவு இரண்டு மணிக்கு இரத்தம் ஏற்றக்கூடிய மருத்துவமனை எத்தனை தொலைவில் இருந்தது, அங்கே போக வண்டி வாசலில் நின்றதா? நான் படித்த கதைகளில் இவை இல்லை. விளக்கொளியும் தாலாட்டும் மட்டுமே இருந்தன. அத்துடன், தொப்புள்கொடியை எதனால் எப்படி வெட்டினோம் என்ற செய்முறையை எழுதவே கூடாது. அதை ஒருவர் பார்த்துச் செய்வார்.

முல்லைக்கொடி:
கேட்டவற்றை என் பதிவில் சேர்க்கிறேன். செய்முறையை முன்பும் எழுதவில்லை, இனியும் எழுத மாட்டேன். ஆனால் மருத்துவமனையில் பெற்றவர்களும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். கத்தரிக்கும் முன் அனுமதி கேட்டார்களா, அறுவை ஏன் தேவைப்பட்டது என்று விளக்கினார்களா, கையைப் பிடித்துக்கொள்ள யாராவது இருந்தார்களா, அலறியபோது அடித்தார்களா? உங்களைப் போன்றவர்களின் பிரசவ அறையில் பெற்றவர்கள் எழுதினால், அது கட்டாயம் நல்ல கதையாக இருக்கும். அத்தகைய அறைகள் எங்கே இருக்கின்றன என்பதாவது மற்றப் பெண்களுக்குத் தெரிய வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலி:
அதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டில் பெறுவதை மட்டும் நான் என்றும் ஒப்ப மாட்டேன்.