போர் நடக்கும் இடங்களில் உள்ளூர் ஒற்றுமையே அவநம்பிக்கையை வளர்க்கிறதா?

கேள்வி:

போரும் அரசின் சீர்குலைவும் நீடிக்கும் பகுதிகளில் வறட்சி, கொள்ளைநோய், உணவுத் தட்டுப்பாடு என்று ஏதேனும் ஒரு நெருக்கடி வரும்போது மக்களைத் தாங்குவது அவர்களுடைய உறவினரும் அண்டை வீட்டாரும் ஒரே குலத்தாரும்தான் என்று பல அறிக்கைகளில் படிக்கிறேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், தம்மவருக்குள் இறுகும் அந்தப் பிணைப்பே மற்றவரைச் சந்தேகிப்பதற்கும் வழி வகுக்காதா? தானியத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஊரே அடுத்த குலத்தாருக்குக் கிணற்றை மறுக்கவும் கூடும். அப்படியிருக்க, எதிர்த்தரப்போடும் தாங்கள் நம்பாத அரசோடும் சேர்ந்து செயல்பட்டால் மட்டுமே கடக்கக்கூடிய நெருக்கடியை இந்த மக்கள் எவ்வாறு எதிர்கொள்கிறார்கள்? உண்மையில் நடந்தவற்றை வைத்து யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1:

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் அதே பிணைப்பு எதிர்த்தரப்புக்கு உறுதியளிக்கும் பிணையாகவும் பயன்பட்டிருக்கிறது. கென்யாவின் வடகிழக்கில் உள்ள வஜீர் இதற்கு நல்ல சான்று. 1990களின் தொடக்கத்தில் அங்கே கடும் வறட்சியில் கால்நடைகள் மடிந்தன. அண்டை நாடான சோமாலியாவில் அரசு சரிந்ததால் ஆயுதங்களும் அகதிகளும் எல்லை தாண்டி வந்தனர். 1992 தேர்தலை ஒட்டிக் குலங்களுக்கிடையே மோதலும் மூண்டது. 1993இல் டேக்கா இப்ராஹிம் அப்தி உள்ளிட்ட பெண்கள் சிலர், அனைவரையும் ஒன்றுசேர்க்கும் பேச்சுவார்த்தையைத் தேடிப் போகாமல், சந்தையிலிருந்து தொடங்கினார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் அச்சமின்றி அங்கே வாங்கவும் விற்கவும் முடிய வேண்டும் என்று முடிவு செய்து, அது மீறப்படாமல் கண்காணிக்க ஒரு குழுவையும் அமைத்தார்கள். பால் விற்பவளுக்கும் வாங்குபவளுக்கும் மற்றவள் தேவைப்பட்டாள் என்பதால்தான் அந்த முயற்சி நிலைத்தது என்று நான் கருதுகிறேன். அதன் பிறகே குலத் தலைவர்களும் இளைஞர்களும் வணிகர்களும் அதிகாரிகளும் சேர்ந்தார்கள். அதே ஆண்டில் குலங்களுக்கிடையே அல் ஃபத்தா எனப்படும் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. 1995இல் இந்த முயற்சியில் உருவான அமைதிக்குழு மாவட்ட நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டது.

நீங்கள் கேட்டதற்கான விடை இதற்கடுத்த படியில் இருக்கிறது. வஜீரில் வாழும் சோமாலி மக்களின் வழக்காற்றுச் சட்டத்தில், ஒருவர் கொலை செய்தால் அதற்கான இழப்பீட்டை அவருடைய குலப் பிரிவினர் அனைவரும் சேர்ந்து ஒட்டகங்களாகவோ பணமாகவோ செலுத்த வேண்டும். ஆகவே தம் குலத்து இளைஞன் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்பே அவனைத் தடுப்பது மூத்தவர்களின் சொந்தத் தேவையாகிறது. எதிர்த்தரப்பும், முன்பின் அறியாத ஒரு தனி மனிதனின் சொல்லை நம்ப வேண்டியதில்லை, அவனுக்காகப் பதில் சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது என்பதை நம்பினால் போதும். உட்பிணைப்பு தளர்ந்துபோன இடத்தில் உடன்படிக்கையில் கையெழுத்திடவும் ஆள் இருக்காது, அதைக் காப்பாற்றவும் ஆள் இருக்காது.

கேட்டவர்:

இழப்பீட்டைப் பற்றிய விளக்கம் எனக்குப் புதியது, மிக்க நன்றி. ஆனால் வலிமையான குலத்தைச் சேராதவர்களும் இடம்பெயர்ந்து வந்தவர்களும் இந்த ஏற்பாட்டில் எங்கே நிற்கிறார்கள்?

மறுமொழி 2:

வெளியேதான் நிற்கிறார்கள். இதை மூடிமறைக்கக் கூடாது. மேலே சொல்லப்பட்ட அதே வழக்காற்றில் ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகங்கள் என்றால் பெண்ணின் உயிருக்கு ஐம்பதுதான் என்பது மரபு. சிறு குலத்தாருக்குத் தீர்ப்பு சாதகமாக வந்தாலும் அதை நிறைவேற்றிவைக்கும் பலம் அவர்களிடம் இருப்பதில்லை. எனவே குல அடிப்படையில் அமையாத ஏற்பாடுகளையும் நாம் பார்க்க வேண்டும்.

சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று இராணுவத்துக்கும் துணை இராணுவப் படைக்கும் போர் மூண்டபோது, தலைநகர் கார்த்தூமின் குடியிருப்புகளில் அவசர உதவிக் குழுக்கள் விரைவாக உருவாயின. முந்தைய ஆட்சியை எதிர்த்துப் போராடிய குடியிருப்புக் குழுக்களின் அனுபவமும், நஃபீர் எனப்படும் பழைய கூட்டு உழைப்பு மரபும் அவற்றுக்கு அடித்தளமாக இருந்தன. பொதுச் சமையற்கூடம், மருந்து, மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்வது ஆகியவற்றை இளைஞர்களே நடத்தினார்கள். வெளிநாடுகளில் உள்ள உறவினர்கள் கைபேசி வங்கிச் செயலி வழியே பணம் அனுப்பினார்கள். ஒருவர் எந்த இனத்தவர் என்று பாராமல், அந்தத் தெருவில் இருக்கிறாரா என்பதைப் பார்த்து உணவு வழங்கியதையே நான் இதில் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இதற்காக அவர்கள் கொடுத்த விலை பெரிது. ஒவ்வொரு தரப்பும் இந்தத் தன்னார்வலர்களை மறுதரப்பின் ஆட்கள் என்று சந்தேகித்தது. பலர் கைது செய்யப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு முடங்கியபோது பணம் வரும் வழியும் அடைபட்டது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதும் ஏராளமான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. மக்கள் தாங்களே சமாளித்துக்கொள்வார்கள் என்று பாராட்டிவிட்டு நிதியை நிறுத்துவது எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது.

மறுமொழி 3:

அரசின் மீதுள்ள அவநம்பிக்கையைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, பெரும்பாலும் வடக்குக் கிவுவில், 2018 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை நீடித்த எபோலா பரவலில் இரண்டாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது திறன்மிக்க தடுப்பூசி கையில் இருந்தது. ஆனாலும் சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன, சுகாதாரப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். இதை அறியாமை என்று சொல்பவர்கள் அப்பகுதியின் வரலாற்றைப் பார்ப்பதில்லை. பெனி வட்டாரத்தில் 2014 முதல் படுகொலைகள் தொடர்ந்தபோது காப்பாற்ற வராதவர்கள், எபோலா வந்தவுடன் வாகன அணிவகுப்புகளோடு வந்தார்கள். 2018 டிசம்பர் தேர்தலில் எபோலாவையும் பாதுகாப்பையும் காரணம் காட்டிப் பெனியிலும் புட்டெம்போவிலும் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்தபோது, நோய் தங்களை ஒதுக்குவதற்கான சாக்கு என்ற சந்தேகம் மக்களுக்கு வலுத்தது. அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது.

இதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்கப் பரவலின்போது சியரா லியோனில், அடக்கத்தின்போது குடும்பத்தார் பாதுகாப்பான தொலைவில் நிற்கவும் இமாமோ பாதிரியாரோ பிரார்த்தனை செய்யவும் இடம் தந்த பிறகு, இறந்தோரை மறைத்துப் புதைப்பதைத் தடுப்பது எளிதானது. கட்டளையிட்டவர்கள் மக்கள் சொல்வதைக் கேட்கத் தொடங்கியதால் வந்த மாற்றம் அது.

மறுமொழி 4:

பேரிடர் வந்தால் பகைவர்கள் தாமாகவே ஒன்றுபடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, கிளர்ச்சிப் போர் நடந்துவந்த இந்தோனேசியாவின் ஆச்சேயையும் இலங்கையையும் ஒரே நாளில் தாக்கியது. ஆச்சேயில் 2005 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. ஆனால் அதற்கான இரகசியத் தொடர்புகள் அலை வருவதற்கு முன்பே தொடங்கியிருந்தன, இராணுவ நிலையும் கிளர்ச்சியாளருக்குப் பாதகமாகியிருந்தது. இலங்கையில் 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் நிவாரணத்தைக் கூட்டாக நிர்வகிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கூட்டணிக் கட்சியொன்று அதை எதிர்த்து அரசிலிருந்து வெளியேறியது. பிராந்திய நிதியம், கிளிநொச்சியில் அமையவிருந்த அலுவலகம் ஆகியவை தொடர்பான முக்கியப் பிரிவுகளுக்கு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கிழக்குக் கடற்கரையின் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகியோருக்குப் பொதுவாக அமைந்திருக்கக்கூடிய அந்த ஏற்பாடு செயல்படவே இல்லை. முஸ்லிம்கள் ஒப்பந்தப் பேச்சில் ஒரு தரப்பாகவே சேர்க்கப்பட்டிருக்கவில்லை. 2006இல் முழுப் போர் மீண்டும் தொடங்கியது.