தாலாட்டை ஜாஸ் இசையாக அமைப்பது எப்படி?

மாட்டுங்காவாசி:
எங்கள் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்றைப் பியானோ, டபுள் பேஸ் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பெரிய தந்திக் கருவி), டிரம்ஸ் ஆகியவற்றுக்கு ஏற்ப அமைத்து, மும்பையில் நண்பர்களுடன் வாசித்துப் பார்க்கிறேன். மெட்டில் ஐந்து சுரங்களே உள்ளன. ஆயினும் பியானோ வாசிப்பவர் அடிக்கொரு கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) சேர்ப்பதால் தாலாட்டு எங்கோ மறைந்துவிடுகிறது. முன்னோடிகள் இதை எவ்வாறு கையாண்டார்கள்?

செம்பூர் ரசிகர்:
ஸ்வீடன் நாட்டுப் பியானோ கலைஞர் யான் யோஹான்சன், 1964இல் ‘ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா’ என்ற இசைத்தட்டில் தம் நாட்டுப்புற மெட்டுகளை வாசித்திருக்கிறார். அதில் பியானோவும் கியோர்க் ரீடலின் பேஸும் மட்டுமே ஒலிக்கின்றன. மெட்டின் எளிமையைக் கலைக்காமல், சொற்றொடர் முடியும் இடங்களில் விடும் மௌனத்தையே அவர் அழகாக்கியிருக்கிறார். உங்கள் டிரம்ஸ் நண்பர் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

முலுண்ட் வாசகி:
டிரம்ஸை விலக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961இல் பதிவுசெய்த ‘ஓலே’ என்ற இசை, ‘எல் வீட்டோ’ என்னும் ஸ்பானிய நாட்டுப்பாடலை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு பேஸ்கள் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க, கார்டுகள் அதிகம் மாறாமலேயே ஏறத்தாழ 18 நிமிடங்கள் இசை விரிகிறது. நம் தம்புராவைப் போல ஓர் ஆதார சுரத்தைப் பேஸ் தாங்கினால், பியானோவுக்கு வேலை தானாகவே குறையும். மேலும், ஜாஸுக்கே உரிய ஊசலாடும் தாள நடையான ஸ்விங், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கு நெருக்கமானது. தூளியின் ஆட்டத்தோடு அது எளிதில் இணையும்.

மாட்டுங்காவாசி:
நன்றி. ஞாயிறன்று பேஸை மட்டும் வைத்துத் தொடங்குகிறோம். பியானோ இரண்டாம் கண்ணியில்தான் நுழையும்.