பண்ணை மட்டி: சத்து எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு?

காட்பாடி வாசகர் கேட்டது:
வணக்கம். எங்கள் அம்மாவுக்கு உயிர்ச்சத்து பி12 குறைந்திருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, மருத்துவர் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார். சர்க்கரைக்காகப் பல ஆண்டுகளாக மெட்பார்மின் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார். வேலூரில் ஒரு கடையில், ஓடு நீக்கி உறைய வைத்த மட்டிச் (இரட்டை ஓடுள்ள ஒரு சிப்பி வகை) சதை 'கேரளப் பண்ணை' என்ற சீட்டுடன் கிடைக்கிறது. நம் பக்கத்தில் வஞ்சிரம், நெத்திலி, ஏரிக் கெண்டை ஆகியவற்றைத் தாண்டி யாரும் போவதில்லை என்பதால் எனக்கு இதில் பழக்கமில்லை. மட்டியைச் சமைத்துக் கொடுத்தால் ஊசி தேவைப்படாதா? பண்ணையில் வளர்ந்தது என்பதற்காகவே அதை நம்பி வாங்கலாமா?

சத்துவாச்சாரி உணவியலாளர்:
ஊசியை நிறுத்தாதீர்கள் ஐயா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெட்பார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவதே குறையக்கூடும். அப்படியிருந்தால் தட்டில் எவ்வளவு வைத்தாலும் உடலில் சேர்வது குறைவாகவே இருக்கும். மற்றபடி மட்டி உயர்ந்த உணவுதான். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, அவித்த மட்டி 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதமும், 2 கிராம் அளவே கொழுப்பும், ஏறத்தாழ 99 மைக்ரோகிராம் பி12-உம் உள்ளன. ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரும்புச்சத்து விஷயத்தில் மட்டும் இணையத்தில் சுற்றும் எண்ணை நம்ப வேண்டாம். 28 மில்லிகிராம் என்பது பழைய அட்டவணையில் இருந்தது. பின்னர் அது 3 மில்லிகிராமுக்கும் கீழாகத் திருத்தப்பட்டுவிட்டது. யூரிக் அமிலத் தொல்லையோ, இறால், நண்டு போன்றவற்றுக்கு ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பழவேற்காட்டார்:
பண்ணை என்ற சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இறாலுக்குத் தீவனம் போடுகிறார்கள், அதனால் தீவனம், மருந்து என்று கேள்வி எழுகிறது. மட்டிக்கு யாரும் தீனி போடுவதில்லை. அது நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்பாசியை வடித்து உண்டு வளர்கிறது. அதே வடிகட்டலில் சாக்கடைக் கிருமியும், நச்சுப்பாசியும், உலோகமும் சதையில் தங்கிவிடும். ஆகவே எவர் வளர்த்தார் என்பதைவிட, எந்த நீரில் வளர்ந்தது என்பதுதான் முக்கியம். நம் நாட்டில் முறையாக வளர்க்கப்படுவது பெரும்பாலும் கேரளத்தின் பச்சைக் கல்லுமக்காய் என்ற வேறொரு சிப்பி வகை. மட்டியின் பெரும்பகுதி காயலில் இருந்து கையாலும் வலையாலும் அள்ளப்படுவது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயல் மட்டிக்கு 2014-இல் கிடைத்த பன்னாட்டுச் சான்றுகூட, வளம் குன்றாமல் பிடிக்கிறார்கள் என்பதற்குத்தானே தவிர, கிருமி இல்லை என்பதற்கு அல்ல.

ஆபத்தில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிருமி வகையை வேகவைத்து அழிக்கலாம். 1988-இல் ஷாங்காய் நகரில் சரியாக வேகாத மட்டியைத் தின்று ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் ஏ) வந்தது. சதையின் உட்பகுதி 90 டிகிரியில் 90 விநாடி இருக்க வேண்டும் என்பது இதற்கான பாதுகாப்பு அளவு. ஆவியில் ஓடு வாய் திறந்தவுடனே இறக்குவது போதாது. பாசி நச்சு அப்படியல்ல. அதில் ஒன்றான சாக்சிடாக்சின் கொதித்தாலும் அழியாது. உதடும் நாக்கும் மரத்துப்போவதில் தொடங்கி மூச்சையே நிறுத்திவிடும். 1981-இல் கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் மட்டி உண்டு மூவர் இறந்தார்கள். இதற்கு ஒரே காப்பு பரிசோதனைதான்: 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் நச்சு இருந்தால் விற்கக்கூடாது என்பது உலகளவில் பின்பற்றப்படும் வரம்பு. அறுவடைக்குப் பின் சுத்தமான கடல்நீரில் ஒன்றிரண்டு நாள் விட்டு வைப்பதால் கிருமி குறையும். பாசி நச்சும் உலோகமும் அவ்வளவு எளிதில் நீங்கா.

காட்பாடி வாசகர்:
இருவருக்கும் நன்றி. ஊசி தொடரும். கடையில் எதைக் கேட்டு வாங்குவது? பாலாற்றங்கரை ஏரிகளிலும் சிப்பி கிடைக்கிறதே, அதையும் தின்னலாமா?

இராணிப்பேட்டை வாசகர்:
ஏரிச் சிப்பி வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழவேற்காட்டார் சொன்ன அதே வடிகட்டல், குரோமியம் கலந்த நீரிலும் நடக்கும். பொட்டலத்தில் அறுவடை செய்த இடம், நாள், உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பொட்டலத்துக்குள் பனிக்கட்டி ஒரு பக்கமாக உறைந்து பாளமாகக் கிடந்தால், நடுவழியில் உருகி மறுபடி உறைந்தது என்று பொருள், அதைத் தொடாதீர்கள். வேலூர் வெயிலில் வண்டியில் வைத்து அலையாமல் நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஓட்டோடு வாங்கினால் தட்டிப் பாருங்கள், தட்டியும் வாய் மூடாதது செத்தது.