செஸ்னா 172ல உலகம் சுத்தணும், பசிபிக்க எப்பிடி தாண்டுதது?

தக்கலை_பறவை:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுத கேம், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 போட்டு ஒன்றரை வருசமாச்சு, இதுவரைக்கும் திருவனந்தபுரத்துல ஏறி மண்டைக்காடு, குளச்சல், கன்னியாகுமரி பாறைய ஒரு வட்டம் அடிச்சு திரும்ப அங்கயே எறக்குததுதான் வேல, நம்ம ஜில்லாவுல ஏர்போர்ட் இல்லல்லா. இப்ப ஒரு ஆசை, செஸ்னா 172ன்னு ஒத்த எஞ்சின் சின்ன பிளேன்லயே உலகத்த முழுசா ஒரு சுத்து. வாரத்துக்கு ஒரு லெக், அதாவது ஒரு ஏர்போர்ட்ல ஏறி அடுத்ததுல எறக்குதது, ஞாயித்துக்கெழம மட்டும். லைவ் வெதர் ஆன்ல இருக்கும், நெசத்துல உள்ள காத்து மழைதான் கேம்லயும் வரும். சிம் ரேட்ட கூட்டி நேரத்த வேகமா ஓட்ட மாட்டேன். ஆனா டேங்க் ஃபுல்லா இருந்தாலும் 640 நாட்டிக்கல் மைல்தான் போகும்னு போட்டுருக்கு, மேப்புல பசிபிக்க பாத்தா வயித்த கலக்குது. ஹவாய் வழியா கணக்கு போட்டேன், கலிபோர்னியாவுலேர்ந்து 2,000 மைல், நடுவுல ஒரு மண்ணும் கெடையாது. கெழக்க போணுமா மேக்க போணுமா அதுவும் தெரியல. முழுசா போனவிய யாராவது இருக்கியளா?

ரப்பர்காட்டு_பைலட்:
மக்கா 172அ விடு, டிபிஎம் 930 எடு, அது இத விட வேகமான பிளேன். 1,700 மைல் போகும், 300 நாட்ல, அதாவது மணிக்கு 300 நாட்டிக்கல் மைல்ல அடிச்சா 70 மணிநேரத்துல சோலி முடிஞ்சுது. 172ல 120 நாட், 20,000 மைலுன்னா 167 மணிநேரம். வாரத்துக்கு ஒரு லெக்குன்னா நீ திரும்பி வரதுக்குள்ள உனக்க பிள்ள ஸ்கூலுக்கு போயிரும்.

நாரோயில்_நாடோடி:
பைலட்டு சொல்லுத டிபிஎம்மாலயும் ஹவாய் தாண்ட முடியாது பாத்துக்க, 2,000க்கு 1,700 பத்தாதுல்லா. 1964ல ஜெரி மாக்குன்னு ஒரு அம்மா ஒத்த எஞ்சின் செஸ்னா 180ல தனியா உலகம் சுத்துனாவ, 29 நாளு, அப்பிடி போன முதல் பெண் அவியதான். அவிய ஹவாய் வழியா போனாவ, ஆனா உள்ள சீட்ட எடுத்துட்டு பெட்ரோல் டேங்க் வச்சுல்லா போனாவ. நமக்கு அது கிட்டாது. அதனால வடக்க ஏறித்தான் போணும்.

கெழக்க போ. நடு அட்சரேகையில காத்து மேக்கேருந்து கெழக்க அடிக்கும், பின்னாலேருந்து தள்ளும். அது சும்மா சொகுசுக்கு இல்ல, ஒரு எடத்துல அது இல்லாம நீ கரை சேரவே மாட்ட. எங்கன்னு கேளு. திருவனந்தபுரம், சென்னை, விசாகப்பட்டினம், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், அப்பிடியே ஜப்பான் வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல, ஏர்போர்ட் நெறைய கெடக்கு. ஹொக்கைடோ தாண்டி குரில் தீவுல இதுருப்புன்னு ஒண்ணு உண்டு. அங்கேருந்து ரஷ்யாவுல கம்சட்கா பெட்ரோபாவ்லோவ்ஸ்க் சுமார் 630 மைல். உனக்க ரேஞ்சே 640. எதிர்காத்து வந்தா கடல்லதான். அன்னைக்கு காத்து செரியில்லன்னா பறக்காத, அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம். அத தாண்டிட்டியானா பொறவு எல்லாம் அலாஸ்காதான், ஷெம்யா ஒரு 565, ஏடாக் 340, கோல்ட் பே 535, பொறவு ஆங்கரேஜ், பசிபிக் முடிஞ்சு போச்சு.

அட்லாண்டிக்ல எல்லாரும் கனடா கூஸ் பே – கிரீன்லாந்து நர்சார்சுவாக் தான் சொல்லுவாவ, அது 675க்கு மேல, உனக்கு எட்டாது. கனடாவுல குஜ்ஜுவாக், இக்காலுயிட், பொறவு கிரீன்லாந்துல நூக், அங்கேருந்து கிரீன்லாந்து பனிமேல குறுக்க ஏறி குலுசுக். நடுவுல ஐஸே 9,000 அடி கிட்ட நிக்கும், 172 ஏறுத உச்சமே 14,000 அடி, றெக்கையில பனி ஒட்டினா தட்டிவிட ஒரு ஏற்பாடும் கெடையாது, அதனால மேகம் இருந்தா அன்னைக்கு வேண்டாம். குலுசுக் ரன்வே சரளக்கல்லு. பொறவு ரெய்க்யாவிக், ஃபேரோ தீவு, ஸ்காட்லாந்து விக். மிச்சம் தரைதானே. வரும்போ மஸ்கட்லேர்ந்து நேரா பம்பாய் பாக்காத, அது 850க்கு மேல வரும், கராச்சியில ஒரு மட்டம் எறக்கு. பிளான் போட லிட்டில் நவ்மேப்னு ஒரு சாஃப்ட்வேர் போதும், ஓசிதான்.

முக்கியமா ஒண்ணு. மிக்சர், எஞ்சினுக்கு போற பெட்ரோல் காத்து கலவை, சிவப்பு குமிழ்லதான் மாத்தணும். நான் முதல் மட்டம் கல்கத்தா – ரங்கூன் போனேன், 550 மைல்தானேன்னு தெனாவட்டா 8,000 அடியில சிவப்பு குமிழ முழுசா உள்ள தள்ளி வச்சுட்டு டீ குடிக்க போயிட்டேன். பர்மா கரை கண்ணுக்கு தெரியுது, வயல் வயலா தெரியுது, புஸ்ஸுன்னு எஞ்சின் நின்னுட்டு. லீன் பண்ணாம, அதாவது குமிழ வெளிய இழுத்து பெட்ரோல கொறைக்காம போனா மணிக்கு ரெண்டு மூணு காலன் கூட குடிக்கும் சவம். நெல்வயல்ல எறக்கி ஆள் பிழைச்சேன், ஆனா அந்த லெக்க திரும்ப மொதல்லேருந்து.

ரப்பர்காட்டு_பைலட்:
எல்லாம் செரி, வடக்க ஏறி சுத்துனா அது குறுக்கு வழில்லா? பூமத்தியரேகைய தாண்டாம என்ன உலகம் சுத்துதது 😄

நாரோயில்_நாடோடி:
எடே களியாக்காத. பறக்குத ரெக்கார்டுக்கெல்லாம் உலக வான் விளையாட்டு சங்கம் எஃப்ஏஐ விதி ஒண்ணு இருக்கு, கடகரேகை எவ்வளவு நீளமோ அவ்வளவு போணும், 36,787 கிலோமீட்டர், எல்லா தீர்க்கரேகையும் தாண்டணும், கெளம்புன எடத்துலயே வந்து எறங்கணும். பூமத்தியரேகைய பத்தி பேச்சே இல்ல. இவன் கோணல்மாணலா போற போக்குக்கு அந்த தூரம் தானா வந்துரும்.

குளச்சல்_கப்பக்காரன்:
தம்பி நான் சிமுலேட்டரெல்லாம் தொட்டதில்ல, எனக்க மவன் வெளையாடுததுதான் பாத்துருக்கேன். 26 வருசம் கப்பல்ல இருந்தவன்னு ஒண்ணு சொல்லுதேன். பெட்ரோபாவ்லோவ்ஸ்குக்கும் ஷெம்யாவுக்கும் நடுவுல தேதிக்கோடு வரும். கெழக்க போனா ஒரு நாளு திரும்ப வரும் கேட்டியா, நோட்டுல தேதி எழுதுதது தெத்திராத. எங்களுக்கு ஒருமட்டம் ஞாயித்துக்கெழமையா பாத்து வந்துது. ஞாயிறுன்னா கப்பல்ல பிரியாணி. குக்கு மறுநாளும் பிரியாணிதான் போடணும்னு எல்லாரும் ஒத்தக்கால்ல நின்னோம், அவன் சாம்பார் வச்சுட்டான், அந்த வெப்ராளம் எனக்கு இன்னைக்கும் தீரல. அந்த பக்கம் ஜூலையில மூடுபனி மோசம், மூக்குக்கு முன்னால இருக்க கிரேன் தெரியாது.

ஆரல்வாய்மொழி_காத்தாடி:
அண்ணன்மாரு எல்லாம் சொல்லிட்டாவ, ஒண்ணே ஒண்ணு விட்டுட்டாவ. கரண்டு. எங்க வீட்டு ஜன்னல தொறந்தா முப்பந்தல் காத்தாடி வரிசையா சுத்திட்டு நிக்கும், வீட்டுக்குள்ள கரண்டு இருக்காது. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, மோடத்துக்கு ஏது? நெட்டு போச்சுன்னா படம் எறங்காது, கீழ இருக்க ஊரெல்லாம் மங்கி வெறும் பச்சையா ஆயிரும், லைவ் வெதரும் போயிரும். 172அ கெளப்பும் முன்ன மோடத்துக்கு சின்ன யூபிஎஸ் வாங்கு. ஆமா நம்ம கணவாய் வழியா ஜூன் ஜூலையில தாழ பறந்து பாத்துருக்கியா, மலைக்கு நடுவுல குலுக்கி எடுத்துரும்.

மஸ்கட்_மக்கா:
எப்பா மஸ்கட் வந்தா சொல்லுடே, ரூவி ஏரியாவுல எங்க ரூமுக்கு மேல ஒரு வட்டம் போடு. லீவு கெடைக்காத வயித்தெரிச்சல் கொஞ்சம் தீரும்.

தக்கலை_பறவை:
எல்லாருக்கும் ஒருபாடு நன்றி. 172தான், கெழக்கதான், முடிவு பண்ணியாச்சு. இதுருப்புக்கு நாலு வாரம் ஒதுக்கி வச்சுருக்கேன், காத்து பாத்துதான் கெளம்புவேன். நேத்து முதல் லெக், திருவனந்தபுரம் – சென்னை, 335 மைல், மூணு மணிநேரம். மிக்சர கொஞ்சம் கொஞ்சமா வெளிய இழுத்து லீன் பண்ணினேன், மீனம்பாக்கத்துல எறங்கும்போ பாதி டேங்க் மிச்சம். நோட்டுல தேதி, பெட்ரோல் எல்லாம் எழுதி வச்சாச்சு. எந்திரிச்சு அடுக்களைக்கு போனா அம்ம சொல்லுதா, சோறு எப்பவே ஆறிப்போச்சு, மெட்ராஸ் வரைக்கும் போனவன் அங்கயே சாப்ட்டுட்டு வந்துருக்கலாம்லான்னு.