பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் போஸ்ட்டாக்: பத்து மாதம் போதுமா?

நொய்யல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஆலோசனை உளவியலில் முனைவர் படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறேன். மருத்துவமனை ஒன்றில் செய்துவரும் இன்டர்ன்ஷிப் ஜூலையில் முடிகிறது. அதன் பிறகு கலிஃபோர்னியாவில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிப் பணி) செய்ய இரண்டு வாய்ப்புகள் வந்துள்ளன. ஒன்று பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை மையம், பத்து மாதப் பணி. மற்றொன்று தனியார் கிளினிக், ஓராண்டுப் பணி, சம்பளமும் கூடுதல். அங்கே உளவியலாளர் உரிமத்துக்குத் தேவையான 3,000 மணி நேரப் பயிற்சியில் குறைந்தது 1,500 மணி நேரத்தைப் பட்டத்துக்குப் பிறகு மேற்பார்வையின் கீழ் முடிக்க வேண்டும் என்பதால், பத்து மாதத்தில் அது நிறையுமா என்பது முதல் கவலை. மாணவர்களை மட்டுமே பார்த்துவிட்டு வந்தால், தீவிர மனநோய்களில் அனுபவம் இல்லாதவர் என்று பின்னாளில் ஒதுக்கிவிடுவார்களோ என்பது இரண்டாவது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறேன்.

பொருநை:

வணக்கம் நொய்யல். இத்தகைய மையம் ஒன்றில் போஸ்ட்டாக் முடித்து, இப்போது அதே வகை மையத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் பேச்சில் சார்பு இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

மணிக்கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பத்து மாதம் என்பது ஏறத்தாழ 43 வாரம். வாரம் 40 மணி என்றால் 1,720. குளிர்கால விடுமுறை, காய்ச்சல், தலைவலி என்று நான்கு வாரம் கழித்தாலும் 1,560 மிஞ்சும். போதும், ஆனால் கைப்பிடி அளவுதான் உபரி. கூடுதலாக உழைத்து ஈடுகட்டலாம் என்று எண்ண வேண்டாம். வாரத்துக்கு 44 மணிக்கு மேல் கலிஃபோர்னியா கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நாளை நியூயார்க்குக்குப் போகும் எண்ணம் இருந்தால், அங்கே மொத்தம் 3,500 மணி கேட்பார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இரண்டாவது கவலைக்கு வருகிறேன். மாணவர்கள் என்றால் தேர்வு பயமும் காதல் தோல்வியும்தான் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் எண்ணம். உளப்பிளவு நோயும் இருமுனை நோயும் பெரும்பாலும் முதன்முதலில் தலைகாட்டுவது பதின்வயதின் முடிவிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் என்பதால், வேறெவரும் நோயின் பெயரைச் சொல்லியிராத நிலையில் ஒருவரை முதலில் சந்திப்பவர் பல நேரங்களில் நீங்களாகவே இருப்பீர்கள். சிகிச்சை பெறுபவரால் ஆபத்திலிருப்பவரைக் காக்கும் பொறுப்பு சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டாரசாஃப் வழக்கே, பெர்க்லி வளாக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒரு மாணவரிடமிருந்து தொடங்கியதுதான்.

ஒரு சின்னக் காட்சி. பல மையங்களில் மாணவர்கள் வரவேற்பறையில் அமர்ந்து சிகேப்ஸ்-34 என்ற வினாத்தாளை நிரப்புவார்கள். 34 வரிகளில் ஒரு வரி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. போன வாரம் அதில் 0 போட்டவர் இன்று 3 போட்டிருந்தால், நீங்கள் திட்டமிட்டு வைத்திருந்த ஐம்பது நிமிடமும் அந்த நொடியே மாறிவிடும். அக்டோபர், நவம்பரில் இது அரிதன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக மேற்பார்வையைப் பாருங்கள். என் பயிற்சிக் காலத்தில் சந்திப்புகள் காணொளியாகப் பதிவாகும், மேற்பார்வையாளர் நடுவில் நிறுத்தி, "இந்த இடத்தில் அவர் மௌனமாக இருந்தார், நீங்கள் ஏன் பேசினீர்கள்?" என்று கேட்பார். பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இளநிலைப் பயிற்சியாளர்களை நீங்களே மேற்பார்வையிடும் வாய்ப்பையும் பல மையங்கள் தருகின்றன. தனியார் இடத்தில் இதெல்லாம் உண்டா என்று கேளுங்கள். வாரம் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கரிசல்:

விசா பற்றி மட்டும் சொல்கிறேன். இன்டர்ன்ஷிப்பை முழுநேர சி.பி.டி.யில் (படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி) செய்திருந்தால், அது 12 மாதத்தை எட்டியதா என்று அனுமதித் தேதிகளை இன்றே எடுத்துப் பாருங்கள். எட்டியிருந்தால் இந்தப் பட்டநிலைக்கான ஓ.பி.டி., அதாவது படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதி, கிடைக்காது. இதை அறிந்த பல்கலைக்கழகங்கள் ஓரிரு நாள் குறைத்துத் தேதி போடுவது வழக்கம். ஆலோசனை உளவியல், நீட்டிப்புக்குத் தகுதியான ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பத் துறைகள்) பட்டியலில் இல்லாததால் ஓ.பி.டி. 12 மாதத்தோடு முடிந்துவிடும். நீட்டிப்பை நம்ப வேண்டாம். அதற்குப் பிறகும் அங்கேயே பணி கிடைத்தால், பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி வேலை விசாவின் ஆண்டு வரம்பும் குலுக்கலும் இல்லை. தனியார் கிளினிக்குக்குப் பொதுவாக இரண்டும் உண்டு.

வைகறை:

பொருநை சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. பல மையங்களில் ஒரு மாணவருக்கு இத்தனை சந்திப்புகள்தான் என்று வரம்பு உண்டு. ஒருவரோடு இரண்டு ஆண்டு பயணிக்கும் நீண்டகாலச் சிகிச்சையில் உங்களுக்கு ஆர்வம் என்றால் அங்கே ஏமாற்றமே மிஞ்சும். குழந்தைகள், முதியோர், நரம்பியல் மதிப்பீடு ஆகியவற்றுக்கும் அது இடமன்று. சம்பள வேறுபாட்டையும் எளிதாகத் தள்ளிவிட வேண்டாம், உரிமத்துக்கான ஈ.பி.பி.பி. தேர்வுக் கட்டணமும் பாடப்பொருள் செலவும் அதே ஆண்டில்தான் வந்து நிற்கும்.

நொய்யல்:

மூவருக்கும் நன்றி. முதல் வேலையாக சி.பி.டி. தாளை எடுத்தேன்: ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 30 வரை. அந்த ஒரு நாள் எதற்காகக் குறைந்தது என்று இன்றுதான் புரிந்தது. பணியைப் பன்னிரண்டு மாதமாக நீட்டிக்க முடியுமா என்று மையத்தின் பயிற்சி இயக்குநருக்கு எழுதியிருக்கிறேன். கிளினிக்கிடம் வாரத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "அது பேசிக்கொள்ளலாம்" என்று பதில் வந்திருக்கிறது.